டிக்கியில் பூட்டிய செட்டும் வட்சப்பில் வந்த கட்டைவிரலும்

கேள்வி (நாலு பக்கக் கடிதத்தின் சுருக்கம்):

நான் யாழ்ப்பாணம் கோண்டாவில், 34 வயது. லீசிங்கில் எடுத்த 141 அக்ஸியோ காரின் டிக்கியில் மூன்று மாதம் மினக்கெட்டு ஒரு ஓடியோ செட் செய்தேன். பலகை வெட்டிப் பெட்டி அடித்தது, 12 அங்குல சப்வூஃபர் இரண்டு பூட்டியது, வயர் இழுத்தது எல்லாம் என் கைவேலை. அம்பிளிபயர் சித்தப்பா கனடாவிலிருந்து அனுப்பியது. தைப்பொங்கலன்று வேலை முடிந்தது, வீடியோவும் போட்டேன். மார்ச் 11 காப்புறுதியைப் புதுப்பித்தேன். ஜூன் மாதம் ஓரிரவு வீட்டு முகப்பில் இஞ்சின் நிற்பாட்டி நின்ற கார் எரிந்துவிட்டது. 'அறிவிக்காத மாற்றம்' என்று கம்பனி கிளெய்மை மறுத்துவிட்டது. ஏஜென்டுக்கு டிக்கியைப் படமெடுத்து வட்சப்பில் அனுப்பி, 'பிரச்சினை இல்லைத்தானே அண்ணை' என்று கேட்டிருந்தேன். அவர் கட்டைவிரல் போட்டவர். இப்போது போன் எடுக்கிறார் இல்லை. சேதத்தை மதிப்பிடக் கம்பனி அனுப்பிய அசெசர் மரியாதையில்லாமல் பேசினார். ரவுனில் வயர் விற்ற கடைக்காரர் செம்பு என்று சொல்லி அலுமினியத்தைத் தந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பெப்ரவரியில் சத்தம் என்று பொலிசில் முறைப்பாடு கொடுத்தவர். அவருடைய கண்ணூறுதான் என்கிறார் அம்மா. ஓட்டோ எலெக்ட்ரிசியனான மச்சான், வயரிங் தான் செய்ததாகக் கடிதம் தரத் தயார். எரிந்த காருக்கு லீசிங் ஏன் கட்டவேண்டும்? காப்புறுதித் தொகை 62 இலட்சம், லீசிங் மிச்சம் 23 இலட்சம்.

பதில்:

தம்பி, அசெசர் கைகட்டி நின்று பேசியிருந்தாலும் இதே அறிக்கையைத்தான் எழுதியிருப்பார். கண்ணூறுக்கு எந்தக் காப்புறுதிப் பொலிசியிலும் இடமில்லை. இந்த இரண்டையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது மூன்று திகதிகள்தான். செட் முடிந்தது தைப்பொங்கல். புதுப்பித்தது மார்ச் 11. மூன்றாவது, ஏஜென்டுக்குப் படம் அனுப்பிய நாள். ஸ்பீக்கரின் அங்குலம் வரைக்கும் எழுதிய நீங்கள் அந்த நாளை மட்டும் எழுதவில்லை. மறந்து விட்டீர்களா, எழுதாமல் விட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. கம்பனியின் சட்டத்தரணி கேட்பார்.

ஏன் அது முக்கியம் என்றால், காப்புறுதியைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் சட்டத்தின் கண்ணில் ஒரு புது ஒப்பந்தம் பிறக்கிறது. கம்பனி இந்தக் காரை எடுப்பதா விடுவதா, எவ்வளவு கட்டணத்துக்கு எடுப்பது என்று தீர்மானிக்க உதவும் எந்த விடயத்தையும் அவர்கள் கேட்காமலே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். பற்றறியிலிருந்து டிக்கி வரை தடித்த வயர் ஓடுகிறது என்பது அப்படிப்பட்ட விடயம். ஆகவே வழக்கு என்று போனால் ஒரே கேள்விதான்: மார்ச் 11 அன்று கம்பனிக்கு அது தெரிந்திருந்ததா?

வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தீர்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாத சண்டை. கவனக்குறைவுக்கும் சேர்த்துத்தான் காப்புறுதி எடுக்கிறோம். உங்கள் வயரிங் மோசம் என்பது மட்டும் கிளெய்மை மறுக்கப் பொதுவாகப் போதாது. ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்திலேயே '80 அம்பியர் பியூஸை அம்பிளிபயருக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தேன்' என்று பெருமையாக ஒரு வரி இருக்கிறது. நான் எலெக்ட்ரிசியன் இல்லை. இருந்தாலும் இப்படி எரிந்த வாகன வழக்குகள் பார்த்ததில் ஒன்று படித்திருக்கிறேன். அந்தப் பியூஸ் பற்றறிக்குக் கிட்ட, ஒன்றரை அடிக்குள் இருக்கவேண்டும். பியூஸ் காப்பாற்றுவது வயரை. அதைக் கொண்டுபோய் டிக்கியில் போட்டால், பற்றறியிலிருந்து அதுவரைக்கும் வருகிற முழு வயருக்கும் பாதுகாப்பு இல்லை. இஞ்சின் பக்கத்துத் தகட்டில் துளைபோட்டு, ரப்பர் வளையம் போடாமல் வயரை உள்ளே எடுத்தால் தகட்டின் விளிம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் உறையை அராவும். உறை கிழிந்து உள்ளே இருக்கிற கம்பி தகட்டில் பட்ட அன்று, இஞ்சின் ஓடினாலும் ஒன்றுதான் நின்றாலும் ஒன்றுதான். பற்றறியிலிருந்து நேரே வரும் வயரில் சாவியைக் கழற்றினாலும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அசெசர் எழுதியிருப்பதும் இதுதான்: வயர் தகட்டில் உரசிய தடம், பற்றறிப் பக்கம் பியூஸ் இல்லை. ஆகவே 'இஞ்சின் ஓஃப்' என்பதைப் பெரிய துருப்புச் சீட்டாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, அந்தக் கட்டைவிரல்.

படம் மார்ச் 11க்கு முன்னால் போயிருந்தால் உங்கள் கையில் ஏதோ இருக்கிறது. அடுத்து, அவர் உண்மையில் யார் என்று பாருங்கள். 'ஏஜென்ட்' என்று நாம் எல்லாரையும்தான் சொல்கிறோம். பொலிசியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் முகவர் என்று இருந்தால் அவர் கம்பனியின் ஆள். அவருக்குத் தெரிந்தது கம்பனிக்கும் தெரிந்ததுதான் என்று வாதாட இடமுண்டு. தரகர் என்று இருந்தால் அவர் உங்கள் ஆள், அவருக்குச் சொன்னது உங்களுக்கு நீங்களே சொன்ன மாதிரி. முதல்வர் (வேலையை ஒப்படைக்கிறவர்), முகவர் விடயங்களில் இலங்கையில் இன்னமும் ஆங்கிலச் சட்டம்தான் செல்லும். 1852 ஆம் ஆண்டின் ஒரு கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் வாதம் உண்டு. முகவருக்குப் பொலிசியின் நிபந்தனையைத் தளர்த்த அதிகாரமில்லை என்பார்கள். படத்தில் பெட்டி தெரிகிறது, வயர் தெரியவில்லை என்பார்கள். கட்டைவிரல் 'பார்த்தேன்' என்றா 'சரி' என்றா என்று அரை நாள் குறுக்குக் கேள்வி ஓடும். படம் மார்ச் 11க்குப் பின் போயிருந்தால் இந்தப் பலமும் பாதியாகிவிடும். போன் உடையவோ மாறவோ முன் அந்த உரையாடலை முழுதாக, திகதி தெரிய எடுத்து வையுங்கள்.

இனி உங்களைப் போன்றவர்கள் உண்மையில் எங்கே விழுகிறார்கள் என்று சொல்கிறேன். முதல் குழி உங்கள் மச்சானின் கடிதம்.

வேண்டாம். அன்பாகத் தருகிறார் என்பது விளங்குகிறது, ஆனாலும் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதேபோல் ஒரு கராஜின் கடிதத்தோடு வந்தார். என்னிடம் வரமுன்பே அதைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டார். கடிதத்துக்குப் போட்ட திகதியில் அந்தக் கராஜ் பதிவே செய்யப்பட்டிருக்கவில்லை. அதுவரை பாதியாவது தருவோமா என்று பேசிக்கொண்டிருந்த கம்பனி கதவைச் சாத்தியது. மோசடியான கிளெய்ம் என்றால் உண்மையான பகுதியும் சேர்ந்தே போய்விடும், அதற்குமேல் குற்றவியல் முறைப்பாடு. உங்கள் நிலை அவரைவிட மோசம். பொங்கலுக்குப் போட்ட வீடியோவில் நீங்களே குந்தியிருந்து வயர் முனைக்கு லக் அடிக்கிறீர்கள். மச்சான் அதில் எங்கே? சரி, வீடியோவை அழிப்போம் என்று இப்போது நினைப்பீர்கள். அதையும் செய்யாதீர்கள். அசெசருடைய கோப்பில் அது ஏற்கெனவே இருக்கும். அழித்தால், மறந்து போனவர் மறைக்கிறவராக மாறிவிடுவார். செட் எப்போது பூட்டியது என்பதற்கு வீடியோ இல்லாமலும் சாட்சி உண்டு. பெப்ரவரி முறைப்பாடு பொலிசின் தகவல் புத்தகத்தில் திகதியோடு கிடக்கிறது. கம்பனி அதன் பிரதியை எடுக்க அதிக நேரம் ஆகாது.

கடைக்காரர் மீது பாவனையாளர் அதிகாரசபைக்கு எழுதிய முறைப்பாட்டின் வரைவையும் வைத்திருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் என்ற கெடு எப்போதோ போய்விட்டது, போகட்டும். 'மோசமான வயரை என் செட்டுக்குப் போட்டேன், அதனால்தான் கார் எரிந்தது' என்று அதில் நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள். கம்பனி தன் மறுமொழியில் எழுதவேண்டியதை நீங்கள் இலவசமாக எழுதிக் கொடுத்தது போல. பில்லும் உங்களிடம் இல்லை. செம்பாக இருந்தாலும் அந்த விளிம்பில் உரசித்தான் இருக்கும். கடைக்காரர் மீது வழக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது, முதலில் கம்பனியோடு முடியுங்கள்.

இரண்டாவது குழிதான் ஆழம். 'எரிந்த காருக்கு லீசிங் ஏன் கட்டவேண்டும்?'

ஏனென்றால் கார் உங்களுடையது அல்ல. வாகனப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து முழு உரிமையாளர் யார் என்று பாருங்கள். லீசிங் கம்பனியின் காரில் துளை போட்டிருக்கிறீர்கள், அவர்களுடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல். லீசிங் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அதற்கும் ஒரு வாசகம் இருக்கும். கார் எரிந்தாலும் களவு போனாலும் தவணை ஓடும் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கும். கோபத்தில் தவணையை நிறுத்தினீர்களானால் கதை காப்புறுதியை விட்டு வேறு இடத்துக்குப் போய்விடும்.

வடமராட்சியில் ஒருவர். வான் லீசிங். ஏதோ பிணக்கில் தவணையை நிறுத்தினார். கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் பதிவுத் தபால்கள் வந்தன. வீட்டில் யாரும் வாசிக்கவில்லை. அவர் என்னிடம் வந்தபோது ஒரு சொப்பிங் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்தார், இரண்டு உறைகள் கிழிக்கப்படாமலே இருந்தன. ஒன்றில் நடுத்தீர்ப்பு அறிவித்தல், ஆர்பிட்ரேஷன் என்றால்தான் பலருக்கு விளங்கும். மற்றதில் தீர்ப்பு. ஒப்பந்தத்தில் பிணக்கு வந்தால் நடுவரிடம் போவோம் என்று கையெழுத்திட்டதை மறந்துவிட்டார். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் வழக்கு வரும், அப்போது பார்க்கலாம் என்று இருந்தார். வழக்கு வரவேயில்லை. அவர் இல்லாமலே கொழும்பில் விசாரித்து முடித்துவிட்டார்கள். 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பைத் தள்ளிவைக்கக் கேட்பதற்கு அது கையில் கிடைத்ததிலிருந்து 60 நாட்கள்தான். உறையைக் கிழிக்காவிட்டாலும் கிடைத்தது கிடைத்ததுதான். அந்த நாட்கள் தாண்டியிருந்தன. பிறகு அதை மேல் நீதிமன்றத்தில் பதிந்து, பிணை நின்ற மைத்துனரைப் பிடித்தார்கள். அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், வானில் ஒருநாள்கூட ஏறாதவர். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் கலியாணம், செத்தவீடு என்றால் இரண்டு பக்கமும் முகம் பார்ப்பதில்லை.

உங்களுக்குப் பிணை நின்றது யார்? கடிதத்தில் அதுவும் இல்லை. மச்சான் என்றால், அவர் கடிதம் தரத் துடிப்பதன் காரணம் எனக்கு விளங்குகிறது.

ஆகவே தவணையை விடாமல் கட்டுங்கள். முழுதாக முடியாவிட்டால் லீசிங் கம்பனிக்கு எழுதி, கிளெய்ம் பேச்சு நடக்கிறது, குறைத்துக் கட்ட அவகாசம் தாருங்கள் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சில் 'பிரச்சினை இல்லை' என்றால் நம்பாதீர்கள். கொழும்பிலிருந்து எந்தத் தபால் வந்தாலும் அன்றைக்கே பிரித்து, விளங்காவிட்டால் விளங்குகிறவரிடம் கொண்டுபோங்கள்.

இப்போது காசுக் கணக்கு. நீங்கள் 62 இலட்சத்தை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வென்றாலும் அதில் முதல் 23 இலட்சம் லீசிங்குக்குப் போகும். செட்டுக்குச் செலவழித்தது பொலிசியில் தனியாகக் குறிப்பிடாத உதிரி, அதை மறந்துவிடுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் ஆண்டுக் கணக்கில் இழுக்கும், அத்தனை காலமும் தவணை ஓடும். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: படம் மார்ச் 11க்கு முன் போயிருந்தால், கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு சட்டத்தரணி மூலம் எழுதி, 30 இலட்சத்துக்கு மேல் எந்தத் தொகைக்குச் சம்மதித்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். லீசிங்கை அதிலேயே நேரே தீர்க்கச் சொல்லுங்கள். படம் பின்னால் போயிருந்தால் 23 இலட்சம் தந்தாலே கும்பிட்டு வாங்குங்கள். கடன் இல்லாமல் எழும்புவதே அந்த நிலையில் வெற்றி. அவர்கள் மசியாவிட்டால் வழக்குக்கு முன் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிறவரிடம், போகலாம். வழக்குப் போட்டபின் அந்த வழி அடைபட்டுவிடும். மறுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் கிளெய்ம் கைவிட்டதாகக் கொள்ளப்படும் என்று பல பொலிசிகளில் ஒரு வாசகம் இருக்கும், உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பற்றி ஒரு சொல். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், கார் எரிந்தபோது கிணற்றிலிருந்து முதல் வாளியைக் கொண்டு ஓடிவந்தவர் அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீ முதலில் எங்கே தெரிந்தது என்று பார்த்த ஒரே வெளியாள். பெப்ரவரி முறைப்பாட்டுக்காக அவர் வாசலில் சண்டைக்குப் போகாமல், ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் அந்த வட்சப் திகதியை எனக்கு எழுதி அனுப்புங்கள்.