நான் கவலைப்பட்டதால்தான் இந்த நோயா?

கேள்வி: எனக்கு 34 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். 2 வருஷத்துக்கு முன்னால் இடது கண் மங்கியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிட்டு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்றார்கள். தினமும் 2 வேளை கேப்சூல் சாப்பிடுகிறேன். போன தை மாதம் அறுத்த சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்தபோது மழை பிடித்து, நெல் முளைத்துவிட்டது. நகைக்கடன், கைமாற்று என்று ஒரே நெருக்கடி. 3 வாரம் கழித்து எனக்கு இடுப்புக்குக் கீழே மரத்து, கால் இழுத்தது. 5 நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். "எதையாவது நினைச்சு மருகிக்கிட்டே இருந்தா இப்படித்தான்" என்கிறார் அத்தை (என் மாமியார்). அதிலிருந்து வீட்டில் எனக்கு எதையுமே சொல்வதில்லை. என் அப்பா நெஞ்சுவலியோடு கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்ததே எனக்கு 10 நாள் கழித்துத்தான் தெரிந்தது. மாத்திரையை விட்டுவிட்டு யோகா செய், எல்லாம் மன அழுத்தம்தான் என்கிறார் உறவுக்காரர் ஒருவர். என் கவலைதான் என் நோயா? எல்லோருக்கும் பாரமாக எதற்கு இருக்கணும் என்றும் தோன்றுகிறது. (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் 4 பக்கம். முதல் 3 பக்கம் எழுத்து நேராகப் போகிறது. நாலாவது பக்கத்தில் வரிகள் வலப்புறம் சரிந்து இறங்குகின்றன. பேனா அழுந்தி ஓரிடத்தில் தாள் கிழிந்தே இருக்கிறது. கை சோர்ந்த பிறகும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். பாரம் என்ற அந்த வரி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. வாழ்க்கை நெருக்கடி ஒரு காரணம். மூளையில் நோய் ஏற்படுத்தும் மாற்றமும் ஒரு காரணம். கால் மரத்ததை எப்படிக் கூச்சமில்லாமல் டாக்டரிடம் சொன்னீர்களோ அப்படியே இதையும் சொல்ல வேண்டும். இதற்குத் தனியாக வைத்தியம் உண்டு, குணம் தெரியும். ராத்திரியில் அந்த எண்ணம் அழுத்தினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இனி உங்கள் கேள்வி. உங்கள் கவலை இந்த நோயைக் கொண்டுவரவில்லை.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. அந்த உறைக்கு மையலின் என்று பெயர். உங்களுக்கு வாய்க்காலை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். தலைப்பில் தண்ணீர் திறந்தாயிற்று. நடுவில் கரை உடைந்துகிடக்கிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. வயலில் ஒரு குறையும் இல்லை. உங்கள் காலும் அப்படித்தான், குறை காலில் இல்லை, தண்டுவடத்தில் கரை உடைந்தது. கண்ணுக்குப் போகும் நரம்பில் உடைந்தபோது கண் மங்கியது. உடைந்த கரையை உடம்பு ஓரளவு தானே அடைக்கும். அடைத்த இடம் பழைய பலத்தோடு இருக்காது.

கரை ஏன் உடையத் தொடங்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரைக் கூறு கொஞ்சம், வைட்டமின் டி குறைவு கொஞ்சம், புகைப்பழக்கம் கொஞ்சம். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸுக்குப் பெரிய பங்கு இருப்பதாக 2022இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடிப் பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததில், அந்தத் தொற்று வந்தவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. அந்த வைரஸ் உலகத்தில் பெரும்பாலோர் உடம்பில் இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்குத்தான் எம்.எஸ். வருகிறது. மன அழுத்தத்தையும் தனியாகவே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வீட்டில் கடும் நெருக்கடியோடு வாழ்ந்தவர்களுக்கும் எம்.எஸ். கூடுதலாக வரவில்லை. டென்மார்க்கில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடையே மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. புத்திரசோகத்துக்கே அவ்வளவுதான் என்றால், உங்கள் கண் மங்குவதற்கு முன்னால் நீங்கள் பட்ட அன்றாடக் கவலைகளைத் தோண்டிப் பார்த்து உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் அத்தை சொன்னதை வெறும் பட்டிக்காட்டுப் பேச்சு என்று தள்ளவும் மாட்டேன். இந்த நோயை 1868இல் முதன்முதலாகத் தெளிவாக விவரித்த பாரிஸ் டாக்டர் சார்கோவுக்கும் இதே சந்தேகம் இருந்தது. நெடுநாள் துக்கமும் மனக்கசப்பும் இந்த நோய்க்கு முன்னால் வருவதாக அவரும் கருதினார். இன்றைக்கு நாம் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறோம். நோய் வருவது வேறு. வந்த நோய் மறுபடி தாக்குவது வேறு. முதலாவதில் கவலையின் பங்கு உறுதிப்படவில்லை. இரண்டாவதில் ஓரளவு பங்கு இருக்கிறது.

2004இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நெருக்கடியான சம்பவங்களுக்குப் பின் அட்டாக், அதாவது நோய் மறுபடி தாக்குவது, கூடியிருந்தது. நெதர்லாந்தில் 73 நோயாளிகளை வாரா வாரம் குறிப்பு எழுதச் சொன்னார்கள். மனதை உலுக்கிய ஏதாவது நடந்தால், அடுத்த 4 வாரத்தில் அட்டாக் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. அதே சமயம் 1991 வளைகுடாப் போரில், ஏவுகணை விழுந்துகொண்டிருந்த இஸ்ரேலில் 32 நோயாளிகளைக் கவனித்ததில் அட்டாக் குறைந்திருந்தது. 2006இல் லெபனான் போரின்போது கூடியது. ஆக, பயந்தால் உடனே அட்டாக் என்ற நேர்க்கணக்கு இதில் இல்லை. ஆபத்து திடீரென்று வந்து போவதை உடம்பு ஒருவிதமாகத் தாங்குகிறது. மாதக்கணக்கில் இழுக்கும் கடன், தூக்கமில்லாத இரவு, வாய்விட்டுச் சொல்ல முடியாத மனஸ்தாபம், இவைதான் எதிர்ப்புச் சக்தியின் கடிவாளத்தைத் தளர்த்துகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இப்போது தை மாதத்துக்கு வருவோம். உங்கள் இரண்டாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று, தார்ப்பாய் இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் நின்றதில் ஒரு வாரம் சளியும் காய்ச்சலும். இன்னொன்று, கையில் காசில்லாமல் 12 நாள் கேப்சூல் வாங்கவில்லை. தங்கையே, காய்ச்சல் கொடுக்கும் தொற்று எம்.எஸ். அட்டாக்குக்கு நன்றாகத் தெரிந்த தூண்டுகோல். மாத்திரை விட்டுப்போனால் கரைக்குக் காவல் இல்லை. இதோடு பல ராத்திரி தூக்கமும் இல்லை. இதில் கவலைக்கு எத்தனை பங்கு, காய்ச்சலுக்கு எத்தனை பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். நெல் நனைந்த கவலையை யாராலும் தடுத்திருக்க முடியாது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் வாங்கத் தயங்குவார்கள் என்று தெரிந்த எந்த வீட்டில்தான் அன்றைக்குத் தூங்கியிருப்பார்கள்? மாத்திரையையும் காய்ச்சலையும் கவனித்திருக்க முடியும். அதனால் இனிமேல் "கவலைப்படாதே" என்று சொல்வதை வீட்டார் நிறுத்திவிட்டு, "மாத்திரை இருக்கா, எத்தனை நாளைக்கு வரும்" என்று கேட்கட்டும். மாத்திரைப் பணத்தை உரம், விதை, கூலி கணக்கோடு சேர்த்து முதல் செலவாக எடுத்து வையுங்கள். கேப்சூலை வெறும் வயிற்றில் போடாதீர்கள், சாப்பாட்டோடு போட்டால் வயிற்று எரிச்சலும் முகச் சிவப்பும் குறையும். டாக்டர் சொல்லும் தேதியில் ரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது.

பெண்களுக்கு மட்டும் ஒன்று. கல்யாண வீட்டிலும் வயலிலும் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்போம். மூத்திரத் தொற்று வந்தால் எம்.எஸ். தொல்லைகள் அத்தனையும் தலைதூக்கும். நடை தள்ளாடினால் முதலில் மூத்திரத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சித்திரை, வைகாசியில் அடுப்படியில் சோறு வடிக்கும்போது கண் மங்கி, பின்கட்டில் போய் உட்கார்ந்து முகம் கழுவினால் அரை மணியில் தெளிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அட்டாக் இல்லை. 1890இல் ஊதாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் கண்டு சொன்னது, அவர் பெயராலேயே வழங்குகிறது. உறை தேய்ந்த நரம்பு சூட்டில் சரியாகக் கடத்தாது, உடம்பு குளிர்ந்தால் திரும்பிவிடும். புதிய சேதம் எதுவும் ஆவதில்லை. விடிகாலையில் சமையலை முடியுங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு தொல்லை வந்து, காய்ச்சல் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மட்டும் உடனே நரம்பு டாக்டரிடம் போங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒவ்வொரு மங்கலுக்கும் பதறுவதே பாதி மன அழுத்தம்.

யோகா நல்லதுதான். மூச்சுப் பயிற்சி, தினம் கொஞ்சம் நடை, நேரத்துக்குத் தூக்கம் எல்லாமே உதவும். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 121 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மன அழுத்தத்தைச் சமாளிக்க 24 வாரம் பயிற்சி பெற்றவர்களின் மூளை ஸ்கேனில் புதிய வடுக்கள் குறைந்தன. பயிற்சி நின்ற பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை. இதில் உங்கள் உறவுக்காரர் கவனிக்க வேண்டியது, பயிற்சி மருந்துக்குப் பதில் அல்ல. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்கள் டாக்டருக்கு மட்டும்தான். அத்தை உங்களுக்காக வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாக எழுதியிருந்தீர்கள். கட்டாயம் போய் வாருங்கள். உச்சிவெயில் வேண்டாம், காலைப் பூஜைக்குப் போங்கள். திருச்சாந்து உருண்டையும் கேப்சூலும் ஒரே பையில் இருக்கட்டும்.

வீட்டில் விஷயத்தை மறைப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது. அன்பினால் செய்கிறார்கள், தெரிகிறது. ஆனால் 10 நாள் எல்லோரும் நீங்கள் வந்தவுடன் பேச்சை நிறுத்தியிருப்பார்கள், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருப்பார்கள். என்னவோ நடக்கிறது என்று தெரிந்து, என்ன என்று தெரியாமல் கிடப்பதைவிடப் பெரிய மன உளைச்சல் உண்டா? அதற்கும் மேலே, தெரிந்த பிறகு அவர்கள் வாய்த்திறந்து சொல்லும் எந்த நல்ல செய்தியையும் நம்ப முடியாமல் போகிறது. கெட்ட செய்தியை நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். இந்தப் பத்தியை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

இன்னொரு வேலையும் அவருக்கு இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸும் ஒன்று. ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு மனுக் கொடுங்கள். உங்கள் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும். 40 சதவீதம் இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி உண்டு.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் உங்கள் வீட்டில் யாருக்கும் உட்காரப் பொழுதிருக்காது. அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் நீங்கள், வீட்டுக்காரர், அத்தை மூவரும் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்குச் சோறாக்கும் வேலை இந்தத் தடவை உங்களிடம் வேண்டாம். கூலிக் கணக்கு எழுதுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், முதல் 3 பக்கத்துக் கையெழுத்து அதற்குப் போதும்.

அப்பாவிடம் பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. இன்றைக்கே போன் செய்யுங்கள்.