சாட்டிலைட்டால எத்தன டன்னுன்னு எப்படிங்க சொல்ல முடியுது?

கேள்வி: 700 கிலோமீட்டர் உயரத்துல பறக்கற சாட்டிலைட்டு, கண்ணுக்கே தெரியாத கார்பன் டை ஆக்சைடு இத்தன டன் வெளிய வந்துச்சுன்னு எப்படி சொல்லுது? அத நம்பலாமா?

பதில்: நல்ல கேள்விங்க. சாட்டிலைட்டு டன் கணக்குல எதையும் அளக்கறதே இல்ல, அது பாக்கறது வெளிச்சத்த மட்டும்தான். சூரிய வெளிச்சம் தரையில பட்டு மேல திரும்பறப்ப கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் அதுல சில குறிப்பிட்ட அலைநீளங்கள உறிஞ்சிக்கும், அங்க எவ்வளவு வெளிச்சம் குறையுதோ அத வச்சு வழியில எவ்வளவு வாயு இருந்துச்சுன்னு கண்டுபிடிப்பாங்க. ஜப்பானோட கோசாட் 2009-லயும் நாசாவோட ஓசிஓ-2 2014-லயும் இதுக்காகவே மேல போச்சு. மேகம் மறைச்சா ஒண்ணும் தெரியாது.

கஷ்டமே இதுக்கு அப்புறம்தான். காத்துல ஏற்கனவே 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல இத்தன பங்குங்கற அளவு) மேல கார்பன் டை ஆக்சைடு இருக்கு, ஒரு பெரிய நகரமே அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு பிபிஎம்தான் கூட்டிக் காட்டும், அதுவும் கிளம்புன இடத்துலயே நிக்காது, காத்து இழுத்துட்டுப் போயிடும், நடுவுல செடி கொடி வேற உறிஞ்சும் திரும்ப விடும். அதனால மாடல் இல்லாம சாட்டிலைட் படம் பாதி வேலைதான். "இங்க இவ்வளவு வெளிய வந்தா அங்க இவ்வளவு தெரியணும்"னு காத்தோட திசை, வேகம் எல்லாம் போட்டு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாப்பாங்க, அளந்ததோட ஒத்து வரலன்னா முதல்ல போட்ட உமிழ்வுக் கணக்க திருத்தித் திரும்ப ஓட்டுவாங்க. ஒரே அளவு வாயு தெரியுதுன்னு வைங்க, காத்து நீங்க நெனச்சத விட ரெண்டு மடங்கு வேகமா அடிச்சிருந்தா உமிழ்வும் ரெண்டு மடங்குன்னு ஆயிடும். என்னைக் கேட்டா சாட்டிலைட்ட விட காத்துக் கணக்கத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

நம்பலாமான்னு கேட்டீங்க. பெரிய மீத்தேன் கசிவுன்னா தாராளமா நம்பலாம். 2023 ஜூன்ல கஜகஸ்தான்ல ஒரு எரிவாயுக் கிணறு வெடிச்சு ஆறு மாசத்துக்கு மேல கசிஞ்சப்ப, சாட்டிலைட்டுகள வச்சுத்தான் சுமார் 1,27,000 டன் மீத்தேன் போயிருக்கும்னு விஞ்ஞானிங்க கணிச்சாங்க. ஒரு நாட்டோட மொத்த கார்பன் டை ஆக்சைடுன்னா இன்னும் அந்த அளவு துல்லியம் வரல. ஆனாலும் நாடுகள் தர்ற உமிழ்வுக் கணக்கு பெரும்பாலும் எவ்வளவு நிலக்கரி எரிச்சோம், மீத்தேன் விடற மாடு எத்தன இருக்குன்னு காகிதத்துல பெருக்கிப் போடறதுதான், பிரிட்டனும் ஸ்விட்சர்லாந்தும் அத காத்துல அளந்ததோடயும் ஒப்பிட்டுப் பாக்கறாங்க. எல்லா நாடும் இத செஞ்சே ஆகணும்ங்கறது என் உறுதியான கருத்து.