பாரிஸ் குரூப் டூர்: அரை நாள் தனியாகச் சுற்ற – கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் ஐரோப்பா டூரில் பாரிஸுக்கு இரண்டே நாள். ஒரு மதியம் தனியாகப் போக டூர் மேனேஜர் விடுவாரா?

பதில்: பொதுவாக விடுவார்கள். முதல் நாள் இரவே, எங்கே பிரிகிறீர்கள், ஹோட்டலுக்கு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். நடுவழியில் மறுபடி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும்; ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. எல்லாம் வண்டியிலுள்ள கருவியில் பதிவாகும். அவர் நினைத்தாலும் உங்களுக்காகக் காத்திருக்க முடியாது. ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் பிரிந்து போகவே வேண்டாம்.

கேள்வி: ஹோட்டல் டிஸ்னிலேண்ட் பக்கம், ஊருக்கு வெளியே. இரவில் எப்படித் திரும்புவது?

பதில்: திரும்பும் வழியைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் வட்டாரம் முழுவதும் மெட்ரோவுக்கும் புறநகர் வரை போகும் ஆர்.இ.ஆர். ரயிலுக்கும் தூரம் பார்க்காமல் ஒரே கட்டணம். அந்த ஆண்டு அது 2.50 யூரோ, ஜனவரிதோறும் மாறக்கூடும். விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட், 2025-இல் அது 13 யூரோ. ஸ்டேஷனில் 2 யூரோவுக்கு நாவிகோ ஈஸி கார்டு வாங்கி, போக ஒன்று வர ஒன்று என இரண்டு டிக்கெட் ஏற்றிக்கொள்ளுங்கள். இருவர் போனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும். மெட்ரோ டிக்கெட் பஸ்ஸில் செல்லாது. வெளியே வரும்வரை கார்டு கையில் இருக்கட்டும், பரிசோதகர் கேட்பார்.

பலர் வழிதவறுவது ஆர்.இ.ஆர். ஏ லைனில். கிழக்கே போகும் ரயில்கள் வின்சென் ஸ்டேஷனுக்குப் பிறகு இரண்டாகப் பிரிகின்றன: ஒன்று மார்ன்-லா-வாலே ஷெஸி, அதுதான் டிஸ்னிலேண்ட், மற்றது புவாஸி-சாங்-லெஜே. பிளாட்பாரத் திரையில் உங்கள் ஸ்டேஷன் பெயர் இருந்தால் மட்டும் ஏறுங்கள். மாறி ஏறிவிட்டால் பதற வேண்டாம். வின்சென்னுக்கு அடுத்து வரும் ஃபோந்தனே-சூ-புவாவில் இறங்கி, கேட்டைத் தாண்டாமல் எதிர்ப் பிளாட்பாரத்தில் ரயில் பிடித்து வின்சென் திரும்புங்கள். அதே டிக்கெட் போதும். ஷாட்லே ஸ்டேஷனில் ரயில் மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், சுரங்க நடை மிக நீளம். அதே லைனிலுள்ள நேஷன் ஸ்டேஷனில் மாறுவது எளிது. கடைசி ரயிலை நம்பாமல் இரவு 10 மணிக்குள் ஏறிவிடுங்கள்.

கேள்வி: லூவர் அருங்காட்சியகம் போகலாமா?

பதில்: நேரம் குறித்த டிக்கெட் முன்பே எடுத்திருந்தால் போகலாம். செவ்வாய் விடுமுறை. டிக்கெட் இல்லையென்றால், 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர-தாம் தேவாலயம் போங்கள், நுழைவு இலவசம். அங்கிருந்து ஆற்றைக் கடந்து மரே பகுதியின் பழைய தெருக்கள் வழியே பிளாஸ் தே வோஜ் சதுக்கம் வரை நிதானமாக நடங்கள். சாங்-பால் ஸ்டேஷனில் மெட்ரோ 1 ஏறினால் நேரே நேஷன்.

கேள்வி: தனியாகப் போகும் பெண் நான். எதற்கு உஷாராக இருக்க வேண்டும்?

பதில்: பகலில் பெரும்பாலும் பிக்பாக்கெட்தான் தொல்லை. ரயில் கதவு மூடும் நொடியில் போனைப் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கதவோரம் நின்று போன் பார்க்காதீர்கள். மேப்பை ஹோட்டல் வைஃபையிலேயே இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஜி.பி.எஸ். வழிகாட்டும். சாக்ரே-கேர் தேவாலயப் படிக்கட்டருகே கையில் நூல் கட்ட வருபவரிடமும், அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவரிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள். பாஸ்போர்ட் உடைக்குள் இருக்கும் பையில், நகல் வேறு பையில். அவசர எண் 112.

கேள்வி: சுத்த சைவம். சாப்பாட்டுக்கு எங்கே போவது?

பதில்: மெட்ரோ 2-இல் லா ஷாப்பெல். ஃபோபூர் சாங்-தெனி தெருவில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக உண்டு. தமிழிலேயே "முட்டையும் வேண்டாம்" என்று சொல்லி வாங்கலாம். பக்கத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். ஸ்டேஷன் வாசலில் நெரிசல் அதிகம், பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். அதே மெட்ரோ 2-இன் கிழக்குக் கடைசி ஸ்டேஷன் நேஷன். சாப்பிட்டு நேரே அங்கே வந்து ஆர்.இ.ஆர். ஏ பிடிக்கலாம்.