வெறுங்கையும் கவட்டையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாகக் கவட்டை இல்லாமல் உண்டிவில் அடித்துப் பழகுகிறேன். ரப்பர் வார்களின் முனைகளைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மாட்டிக்கொண்டு அடிப்பது. தொங்கவிட்ட டப்பாவை இப்போது பெரும்பாலும் அடித்துவிடுகிறேன். போன வாரம் ஒரு மைனாவைக்கூட வீழ்த்தினேன். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. வெறுங்கையில் அடிப்பதெல்லாம் வித்தை காட்டுவது என்கிறார். அவருடைய பழைய கொய்யாக் கவட்டை ரப்பரோடு இன்னும் ஆணியில் தொங்குகிறது. வாரக்கடைசியில் எடுத்து எனக்கு அடித்துக் காட்டப்போகிறாராம். கவட்டை என்பது கைவராதவர்களின் ஊன்றுகோல் என்றும், நம் முன்னோர் வெறுங்கையால் அடித்ததே அசல் கலை என்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன? என் கைப்பிடியைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. அக்காளின் பேரன் கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் வந்து நின்றதிலிருந்து உண்டிவில்லைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரப்பர் அறுந்து அடித்திருக்கிறது. கண் தப்பியது. அதனால் உங்கள் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன்.

வெறுங்கையில் அடிக்கும்போது உங்கள் விரல்கள்தான் கவட்டை. மரக்கவட்டையில் இரு கொம்புக்கும் நடுவே மூன்று நான்கு அங்குல இடைவெளி இருக்கும். அது என்றைக்கும் மாறாது. ரப்பரின் கோட்டையும் கொம்பின் நுனியையும் வைத்துக் குறி பார்க்கலாம். விரல்களுக்கு நடுவே அவ்வளவு இடம் கிடையாது. ஒவ்வொரு இழுப்புக்கும் விரல் கொஞ்சம் உள்ளே வளையும். கை சோர்ந்தால் இன்னும் வளையும். அதனால்தான் கல் வைத்த தோலைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடித்து, விடுகிற நொடியில் மணிக்கட்டை முன்னால் மடக்க வேண்டியிருக்கிறது. அந்த மடக்கு கொஞ்சம் பிந்தினாலும் கல் நம் கட்டைவிரல் முட்டியில்தான் விழும். உங்களுக்கு அது கைவந்திருக்கிறது என்றால் சந்தோஷம், உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் கவட்டைக்காரனை ஊன்றுகோல்காரன் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? நல்ல கவட்டையை மரத்தில் பார்த்துத் தேர்ந்து, வெட்டி, நிழலில் காயவைத்து, கொம்பு விரியாமல் பட்டை உரித்து எடுப்பவனுக்கும் கைதான் வேலை செய்கிறது. உங்கள் அப்பா அதைச் செய்தவர்.

முன்னோர் கதையை விட்டுவிடுங்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டியது கவண்; அது சுழற்றி எறிவது. கூனியின் முதுகில் இராமன் அடித்த மண்ணுருண்டை வில்லிலிருந்து வந்தது. இரண்டிலும் ரப்பர் இல்லை. 1844-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதற்குமுன் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். நம் ஊருக்கு அது சைக்கிள் டியூப்பாக வந்து சேர்ந்தது. விரலில் மாட்டினாலும் கொம்பில் கட்டினாலும் இந்த விளையாட்டு ரப்பரோடு வந்ததுதான்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், விரலைப் பற்றி, அப்பாவைப் பற்றி, கலையைப் பற்றி. என்ன ரப்பர், எப்படி வெட்டியது, எதனால் கட்டியது என்று ஒரு வரி உண்டா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோலோடு வாரைத் தையல் நூலால் கட்டியிருக்கிறீர்கள். வாரின் ஓரம் கத்தரிக்கோல் பட்ட இடமெல்லாம் பல் பல்லாக இருக்கிறது.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் சைக்கிள் கடை அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பஞ்சர் ஒட்ட முடியாத டியூப்பை எங்களுக்குச் சும்மாவே கொடுப்பார். ஆனால் வெட்டுவது அவர்தான். எங்கள் கையில் கத்தரிக்கோலைத் தரமாட்டார். பலகையில் டியூப்பைப் பரப்பி, பிளேடைத் தண்ணீரில் நனைத்து, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் இழுப்பார். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு நறுக்கு விழும், பின்னால் அங்கேதான் கிழியும். அப்புறம் வாரைத் தோலின் துளையில் நுழைத்து மடித்து, மெல்லிய ரப்பர் இழை ஒன்றைப் பல்லில் கடித்து நன்றாக இழுத்தபடியே சுற்றுவார். நூலை எடுத்துக்கொண்டு போனால் திட்டு விழும். "நூலு ரப்பர அறுக்கும்ல. ரப்பர ரப்பராலதான் கெட்டணும்" என்பார். கட்டி முடித்ததும் வாரை இலேசாக இழுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, குறுக்கே மயிரிழை போல வெடிப்பு தெரிகிறதா என்று ஓரம் ஓரமாகப் பார்ப்பார். தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுவார், நாங்கள் அழுதாலும்.

அந்த வெடிப்பு ஏன் வருகிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காற்றில் இருக்கும் ஓசோன் இழுபட்டு நிற்கும் இயற்கை ரப்பரைக் குறுக்கே அரிக்கும். வெயிலும் எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் உண்டிவில்லை ரப்பர் விறைத்திருக்கும்படி எதிலாவது சுற்றி மாட்டி வைக்கக்கூடாது. பியூட்டைல் என்கிற செயற்கை ரப்பரில் செய்த டியூப் என்றால் வேறு சிக்கல். காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் இழுத்து விட்டால் சோம்பலாகத் திரும்பும். விசை போதவில்லையே என்று நீங்கள் மேலும் மேலும் இழுப்பீர்கள்.

அறுகிற இடத்தையும் கவனியுங்கள். தோலின் பக்கம் அறுந்தால் வார் முன்னால் ஓடி உங்கள் இடது கையைச் சுளீரென்று அடிக்கும். வலிக்கும், போகும். விரல் பக்கமோ கொம்பின் பக்கமோ அறுந்தால் முழு வாரும் நீங்கள் தோலைப் பிடித்திருக்கும் இடத்துக்குத் திரும்பி வரும். எங்கே பிடித்திருக்கிறீர்கள்? கன்னத்தில், கண்ணுக்கு ஒரு சாண் கூட இல்லாத தூரத்தில். எங்கள் பையனுக்கு நடந்தது அதுதான். அவனும் உங்களைப் போல வெறுங்கைக்காரன்தான். விரலில் மாட்டும் வளையத்தின் முடிச்சில் ரப்பர் நைந்திருந்ததை அவன் பார்க்கவில்லை. அடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் முதலில் அந்த முனையைப் பாருங்கள். தோல் பக்கத்தைப் பிறகு பாருங்கள். பட்டறையில் கிரைண்டிங் செய்கிறவர்கள் போடும் வெள்ளைக் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் அடிக்கிறீர்கள் என்றால் எனக்கு இனி எழுதவே வேண்டாம்.

அப்பாவின் கவட்டையில் தொங்குவது எத்தனை வருஷத்து ரப்பர்? நிச்சயம் விறைத்துப் போயிருக்கும். அவர் கையில் எடுக்கும் முன்னால் அதை அறுத்துப் போட்டுவிட்டுப் புது வார் வெட்டிக் கட்டிக் கொடுங்கள். கொம்பின் கவையில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். அவர் கட்டும் விதத்தை உட்கார்ந்து பாருங்கள், வாயைத் திறக்காமல்.

மைனாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது கடிதத்தை மூடி வைத்துவிடலாமா என்று இருந்தது. பசிக்கு அடித்தீர்களா? இல்லை. கை பழகியதைக் காட்ட ஓர் உயிர் வேண்டியிருந்ததா? 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், மைனாவுக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சட்டம் இருக்கட்டும், ஜோடியாகத் திரிகிற பறவை அது. இன்னொன்று அந்த மரத்துக்கு வந்து கத்தியிருக்கும், நீங்கள் கேட்டிருப்பீர்கள். இனி செய்யாதீர்கள். டப்பாவையே அடியுங்கள். கூழாங்கல் வேண்டாம், எங்காவது பட்டுத் தெறித்துத் திரும்பும். களிமண்ணை உருட்டிக் காயவைத்தால் பட்ட இடத்தில் பொடியாகிவிடும். டப்பாவுக்குப் பின்னால் பழைய போர்வை ஒன்றைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தவறியவை அதில் பட்டுக் கீழே விழும், பொறுக்கி எடுத்துத் திரும்ப அடிக்கலாம்.