வில் செய்து ஒடித்தவர்களுக்குச் சில பதில்கள்

முதலில் இரண்டு சொற்கள். எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் வயிறு. இலக்கைப் பார்ப்பது முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். கீழே உள்ள எல்லாமே இதில்தான் அடங்குகிறது.

கேள்வி: அண்ணே, மரக்கடையில் நல்ல தேக்குச் சட்டமாகப் பார்த்து வாங்கிச் செய்தேன். பாதி இழுப்பதற்குள் முதுகில் சிம்பு கிளம்பி ஒடிந்துவிட்டது. ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் முறிவு சாய்வாகப் போயிருக்கிறது, பாருங்கள். ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரி, பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறியிருக்கிறது. வாள் நேராக அறுக்கும். மரம் நேராக வளர்ந்திருக்க வேண்டுமே! அடுத்த முறை முதுகில் இங்க் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மை நாரோடு ஓடும், ரேகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். தேக்கு கதவுக்கு அருமையான மரம், வில்லுக்கு நான் எடுக்க மாட்டேன். கோடாரிக் காம்புக்கு எதைப் போடுகிறார்கள் என்று ஆசாரியிடம் கேளுங்கள். தடசு மரம் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: மேல்பாதி ஒரே இடத்தில் மடங்குகிறது. அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யப் பார்த்தேன், இன்னும் மோசமாகிறது.

பதில்: ஐயோ, அந்த இடத்தை விட்டுவிடுங்கள்! அது ஏற்கெனவே மெலிந்த இடம். சீவ வேண்டியது அதற்கு இரண்டு பக்கமும் வளையாமல் விறைத்து நிற்கிற பகுதியை. தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தில் அதே அளவு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். அதனால் வயிற்றுப் பக்கம் ஒவ்வொரு இழைப்புக்கும் கை நடுங்க வேண்டும்.

நான் செய்வது இது. சுவரில் ஒரு கட்டை அடித்து, கைப்பிடியை அதில் உட்கார வைத்து, நாணைக் கயிற்றாலும் கப்பியாலும் கீழே இழுப்பேன். பத்தடி தள்ளி நின்று பார்ப்பேன். விறைத்த பகுதியில் பென்சிலால் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் மறையும் வரை மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவேன். அப்புறம் முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட்ட பிறகுதான் மறுபடி பார்ப்பது. சுரண்டியது உடனே வளைவில் தெரியாது. உங்கள் வில்லை முழுசாக இழுக்கத் தேவைப்படும் விசை 40 பவுண்டிலிருந்து 25க்கு இறங்கிவிடலாம். பரவாயில்லை, தம்பிப் பையனுக்கு ஆகும்.

கேள்வி: மூங்கில் பிளாச்சில் செய்கிறேன். மேல்தோலைச் சீவி, கணுவையும் மட்டமாக்கிவிட்டேன். அழகாக இருக்கிறது.

பதில்: அழகாகத்தான் ஒடியும். நார் நெருக்கமாக இருப்பது தோலை ஒட்டித்தான். அதுதான் முதுகு, அதில் கத்தியே படக் கூடாது. சீவுவதெல்லாம் உள்பக்கத்தில்தான். கணு மேடாக இருந்தால் இருக்கட்டும். என் முதல் வில்லும் இப்படித்தான் போனது.

கேள்வி: நாணைக் கழற்றினாலும் வில் வளைந்தே நிற்கிறது.

பதில்: ஓரிரு அங்குலம் என்றால் கவலை வேண்டாம். அதற்கு மேல் என்றால் மரம் ஈரமாக இருந்திருக்கும், அல்லது வளைவு சீராகும் முன்பே முழுசாக இழுத்திருப்பீர்கள். மரத்தை வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்ததாகக் கணக்கு. எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: அம்பு இல்லாமல் சும்மா இழுத்து விட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அம்பு வாங்க வேண்டிய விசையை வில்லே வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: என் வில்லில் மெல்லிய விரிசல் தெரிகிறது. பசை போட்டால் நிற்குமா?

பதில்: முதுகில் சின்னச் சிம்பு என்றால் ஃபெவிக்விக்கை உள்ளே இறங்கவிட்டு, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள்; பல நேரம் தப்பிக்கும். வயிற்றில் குறுக்காக மயிரிழைபோல் கோடுகள் என்றால் நார் நசுங்கிவிட்டது, பசைக்கு அங்கே வேலை இல்லை. எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? வெயிலில் வைத்து ஒரு படம் அனுப்புங்கள். அதுவரை நாண் ஏற்ற வேண்டாம்.