குடி மாறினால் இரத்தம் மாறுமா?

கேள்வி: தாய் தகப்பன் இருவருக்கும் ஒரு நோயும் இல்லை, பிள்ளைக்கு மட்டும் பரம்பரை நோய் எப்படி வரும்? ஆட்சியான, பின்னிடைவான பரம்பரையலகு என்று பள்ளியில் படித்தது மறந்துவிட்டது. சொந்தத்துக்குள் கட்டினால் வரும் என்கிறார்களே, உண்மையா?

நான் டாக்டர் இல்லை. இலங்கையின் மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கிற விசயத்தை என் உடம்பிலேயே காவிக்கொண்டு திரிகிறவள் என்பதால் எழுதுகிறேன். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: நீங்கள் மரபணு, ஓங்கு, ஒடுங்கு என்பதைத்தான் எங்கள் பாடப்புத்தகம் பரம்பரையலகு, ஆட்சியான, பின்னிடைவான என்கிறது.)

பதினாறு வயதிலிருந்தே எனக்கு இரத்தம் காணாது என்பார்கள். ஈமோகுளோபின் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் நிற்கும், ஏறாது. அம்மா முருங்கையிலைச் சுண்டலும் பொன்னாங்காணியுமாகத் தந்து பார்த்தார். வழக்கமாகக் காட்டும் ஒரு தனியார் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்துகொண்டே இருந்தார்கள். ஏழெட்டு வருசம் விழுங்கினேன். வயிறு கெட்டதுதான் மிச்சம். கடைசியில் வேறொரு டாக்டர் அதே இரத்த அறிக்கையில் யாரும் பார்க்காத ஒரு வரியைப் பார்த்தார். செங்குழியங்களின் பருமனைச் சொல்லும் எம்சிவி. 80க்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு 64. உடம்பில் இரும்புச் சேமிப்போ குறைவில்லாமல் இருந்தது. ஈமோகுளோபினின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். 3.5 வீதத்துக்குள் இருக்க வேண்டிய ஏ2 என்ற வகை எனக்கு ஐந்தைத் தாண்டியிருந்தது. பீற்றா தலசீமியா காவி என்றார்கள், அதாவது ஈமோகுளோபின் சரியாக உருவாகாத அந்தப் பரம்பரை நோயின் பழுதைக் காவுகிறவள்.

காவி என்றால் நோயாளி இல்லை. இங்கேதான் உங்கள் கேள்வியின் முதல் பாதி வருகிறது.

எங்கள் கரையோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். ஒரு வளவில் இரண்டு கிணறு இருந்து, ஒன்று நல்ல தண்ணீர், மற்றது உவர் என்று வையுங்கள். நல்ல கிணறு ஊறும்வரை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு உவர்க் கிணறு ஒன்று இருப்பதே தெரியாது. பரம்பரையலகும் அப்படித்தான், அநேகமாக எல்லாமே சோடியாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து, மற்றது தகப்பனிடமிருந்து. ஈமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தச் (குரோமோசோம்) சோடியில் உள்ளது. என்னிடம் அதில் ஒன்று பழுது, மற்றது நல்லது. நல்லது ஒன்றே போதிய அளவு செய்துவிடுவதால் நான் நடமாடுகிறேன், மேடை ஏறிக் கத்துகிறேன், வயலுக்கும் போகிறேன். ஆனால் என் பிள்ளைக்கு நான் கொடுப்பது ஒரு கிணற்றைத்தான். எது என்பது காசைச் சுண்டிப் போடுவது மாதிரி.

எதிரில் இருக்கும் கணவரும் காவி என்றால்? இரண்டு பேரும் நல்லதைக் கொடுக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒருவர் நல்லது, ஒருவர் பழுது என்று கொடுக்க நாலில் இரண்டு, அந்தப் பிள்ளையும் எங்களைப் போல் காவி. இருவருமே பழுதைக் கொடுக்க நாலில் ஒன்று. அந்தப் பிள்ளைக்குத்தான் தலசீமியா மேஜர். பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஈமோகுளோபின் இருக்கிறது. அது குறையக் குறைய, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் பிள்ளை வெளிறத் தொடங்கும். பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒரு தடவை குருதி ஏற்றவேண்டும், ஏற்றிய குருதியால் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும்.

"முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கணக்கு வாத்தியாரிடம் சொல்லக்கூடாத வசனம் அது! ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாக நாலில் ஒன்று. காசுக்கு முந்தின சுண்டல் ஞாபகம் இருக்காது.

சோடியில் ஒன்று இருந்தாலே வெளியே தெரிவது ஆட்சியானது, இரண்டும் இருந்தால்தான் தெரிவது பின்னிடைவானது. ஆட்சியானது என்றால் பலமானது, ஊரில் அதிகம் இருப்பது என்று நினைப்பதும் பிழை. ஓ வகை இரத்தம் பின்னிடைவானது, ஆனால் இலங்கையில் மிகக் கூடுதலான பேருக்கு அதுதான். தாய் தகப்பன் இருவரும் ஏ வகையாக இருந்து பிள்ளை ஓ வகையாகப் பிறக்கலாம். இது தெரியாமல் தாய்மாரைச் சந்தேகித்த கதைகள் உண்டு, அதை விடுவோம்.

பின்னிடைவு என்றால் என்னதான்? மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கு ஞாபகம் இருக்கும். உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தார். முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அதன் அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் எங்கும் அழிந்து போகவில்லை, ஒரு தலைமுறை ஒளிந்திருந்தது. ஏன் சுருங்குகிறது என்பது 1990இல்தான் தெரிந்தது. மாப்பொருளைக் கிளை கிளையாகக் கட்டும் நொதியம் ஒன்றின் பரம்பரையலகு அதில் பழுது. அதனால் சீனி மாப்பொருளாகாமல் தேங்குகிறது, விதை தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சுகிறது, காயும்போது சுருங்கிவிடுகிறது. ஒரு நல்ல பிரதி இருந்தால் அந்த நொதியம் போதிய அளவு கிடைக்கும், விதை உருண்டைதான். அவ்வளவுதான் சங்கதி. பெரும்பாலான பின்னிடைவான நோய்கள் இந்த மாதிரி "செய்யாமல் விட்ட வேலை". ஆட்சியான நோய் சில வேறு மாதிரி: ஹண்டிங்டன் என்ற நரம்பு நோயில் பழுதான பிரதி தானே ஒரு கெட்ட புரதத்தைச் செய்கிறது. ஒரு கிணற்றிலிருந்து நஞ்சு கசிந்தால் மற்றது நல்லதாக இருந்து என்ன?

சரி, சொந்தத்துக்குள் கட்டுவது.

சோதனை முடிவோடு வீட்டுக்கு வந்தபோது எனக்கு மாமியின், அதாவது அப்பாவின் தங்கையின், மகனைப் பேசி முடித்திருந்தார்கள். அம்மா சொன்ன முதல் வார்த்தை, "எங்கட குடியில இப்பிடி ஒண்டும் இல்லையே கா." அம்மா சொன்னது உண்மை. அம்மாவின் எம்சிவி சரியாகவே இருந்தது. என்னிடம் இருக்கும் பழுது அப்பா வழியில் வந்தது. வயலில் என்னைவிட இரண்டு மடங்கு வேலை செய்கிற மனிதருக்கு எம்சிவி 66.

மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்குக் குடியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இங்கே குடி என்பது தாய்வழியில் வரும் குலம். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. கோயில் திருவிழா உரிமைகூட குடி குடியாகத்தான். ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. அதனால் பெரியம்மாவின் மகன் எனக்கு அண்ணன், நினைக்கவே கூடாது. மாமியின் மகன் வேறு குடி, உரிமையுள்ள மச்சான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெரியம்மாவின் மகனுக்கும் எனக்கும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பரம்பரையலகு பொது. மாமியின் மகனுக்கும் எனக்கும் அதே எட்டில் ஒரு பங்குதான். குடி எண்ணுவது தாய்வழி ஒன்றை மட்டும், பரம்பரையலகோ இரு பக்கமும் வருகிறது. குடி போகிற வழியிலேயே போகிற சங்கதி ஒன்று உண்டுதான்: இழைமணியில் (மைற்றோகொண்டிரியா) இருக்கும் டிஎன்ஏ. அது தாயிடமிருந்து மட்டும் வரும். ஆனால் அதில் இருப்பது 37 பரம்பரையலகுகள். மிச்சம் கிட்டத்தட்ட இருபதாயிரம் குடி பார்ப்பதில்லை.

எங்கள் கணக்கு இப்படி. அப்பா காவி, ஆகவே அவரைப் பெற்றவர்களில் ஒருவராவது காவி. மாமி காவியாக இருக்க இரண்டில் ஒன்று, அவர் மகனுக்கு நாலில் ஒன்று. ஊரில் யாரோ ஒரு அந்நிய மாப்பிள்ளையைவிட இது பல மடங்கு கூட. சொந்தத்தில் கட்டுவது நோயை உண்டாக்குவதில்லை, ஒளிந்திருக்கும் ஒரே பழுது இரு பக்கத்தாலும் வந்து சந்திக்க வழி செய்கிறது. பொதுவாக எந்தக் குழந்தைக்கும் பிறவிக் குறை வர 2 முதல் 3 வீதம் வாய்ப்பு என்றால், பெற்றவர்கள் கூடப்பிறந்தவர்களாக உள்ள மச்சான் மச்சாள் உறவில் கட்டினால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது எல்லாருக்கும் பொதுவான சராசரி. குடும்பத்தில் ஒரு காவி இருப்பது தெரிந்துவிட்டால் சராசரியைப் பேசிக்கொண்டிருக்காமல் சோதனை செய்வதுதான் புத்தி.

மச்சானைச் சோதித்தோம். முழுக் குருதிக் கணக்கும் ஏ2 சோதனையும். காவி இல்லை. கல்யாணம் நடந்தது. அவரிடம் இரண்டு கிணறும் நல்லவை என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு மேஜர் வர இடமில்லை, காவியாகலாம். மகள் காவி, மகன் இல்லை.

மச்சானுக்கு இல்லை என்றவுடன் மாமி, "பாத்தியா, எங்களுக்கு ஒண்டும் இல்ல" என்று முடித்துவிட்டார். அது அப்படி முடியாது. மாமி காவியாக இருந்தாலும் மூத்தவனுக்கு நல்லதைக் கொடுத்திருக்கலாம். மூத்தவன் தப்பியதால் மாமியின் இரண்டில் ஒன்று மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே. இளையவனுக்கு ஆறில் ஒன்று. அவனுக்கு இப்போது பேச்சு நடப்பது என் சித்தப்பாவின் மகளோடு. சித்தப்பாவும் அப்பாவின் கூடப்பிறந்தவர்தானே, அந்தப் பக்கமும் அதே நாலில் ஒன்று. குடி வேறு, எல்லாருக்கும் சந்தோசம்.

இரண்டு பேரில் ஒருவர் சோதித்து இல்லை என்று வந்தாலே மேஜர் பற்றிய பயம் போய்விடும். மாமியின் இளையவன் ஊசிக்குப் பயந்தவன். சித்தப்பாவின் மகள் சம்மதித்துவிட்டாள். வருகிற சனிக்கிழமை விடிய நான் அவளைக் கூட்டிப் போகிறேன்.