கேள்வி மேடை: சேற்றில் விழுந்த சின்ன மனுஷர்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், 'ஷேன்' என்ற 1953-ம் வருட அமெரிக்கப் படத்தைப் பற்றிக் கேட்டிருந்த வாசகருக்கு, "ஹீரோவை விடுங்கள், சேற்றில் விழுந்து சாகிறாரே ஒரு சின்ன மனுஷர், அவருக்காகவே பார்க்கலாம்" என்று பதில் எழுதியிருந்தேன். பெயரைப் போடவில்லை. அதைக் கேட்டே ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது. எனவே இந்த இதழ் முழுக்க எலைஷா குக் ஜூனியர். தேர்தல், விலைவாசி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும். இரண்டும் எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: யார் ஐயா அவர்? முன்கதை என்ன?

பதில்: 1903 டிசம்பர் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். வளர்ந்தது சிகாகோ. பதின்ம வயதிலேயே நாடக மேடை. 1930-ல் 'ஹர் அன்பார்ன் சைல்ட்' என்ற படத்தில் முதல் வேடம். அதுவும் அவர் மேடையில் செய்துகொண்டிருந்த வேடமே. பெரிய வாய்ப்பு 1933-ல் வந்தது. நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் எழுதிய 'ஆ, வில்டர்னஸ்!' நாடகம் நியூயார்க் பிராட்வேயில் அரங்கேறியபோது, காதலும் கவிதையும் தலைக்கேறிய பதினாறு வயதுப் பையனாக நடித்தார். அப்போது அவருக்கு வயது 29! அப்பா வேடத்தில் ஜார்ஜ் எம். கோஹன், அன்றைய மேடையின் மகா பிரபலம். மூன்று வருடம் கழித்து ஹாலிவுட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் கேமராவுக்கு முன்னால்தான்.

அப்பா பெயரும் எலைஷா என்பதால் இவர் ஜூனியர். 91 வயது வரை ஜூனியராகவே இருந்தார்.

கேள்வி: 'ஷேன்' படத்தில் அந்தச் சாவை அவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்கள். கௌபாய் படங்களில் ரீலுக்கு நாலு பேர் சாகிறார்களே?

பதில்: சாகிறார்கள், சரி. எத்தனை பேர் சாகப்போகிறோம் என்று தெரிந்து சாகிறார்கள்?

காட்சியைச் சொல்கிறேன். குக் ஏற்றிருப்பது டோரி என்ற குடியானவர் வேடம். அலபாமாக்காரர், உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் படையில் இருந்தவர், வாய்ச்சவடால் ஆசாமி. வயோமிங் பள்ளத்தாக்கில் துண்டு நிலம் வைத்திருக்கிறார். குடியானவர்களை விரட்ட நினைக்கும் மாட்டுப்பண்ணை முதலாளி, வில்சன் என்ற துப்பாக்கிக்காரனைக் கூலிக்குப் பிடித்து வந்திருக்கிறான். ஜாக் பேலன்ஸ் நடித்த வில்சன், சலூன் வாசலின் மரப்பலகைத் தாழ்வாரத்தில் நிதானமாக நடக்கிறான். கீழே தெருவில் முழங்கால் வரை சேறு. டோரி அந்தச் சேற்றில் வழுக்கி வழுக்கி, அவனுக்கு இணையாக நடந்து வருகிறார். ஒருவன் மேலே காய்ந்த பலகையில், ஒருவர் கீழே சகதியில். சண்டையே தேவையில்லை, முடிவு அப்போதே தெரிந்துவிடுகிறது. தூரத்தில் இடி. வில்சன் தெற்குத் தளபதிகளைக் கேவலமாகப் பேசுகிறான். டோரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. துப்பாக்கியை உருவுகிறார்.

பாதிதான் உருவ முடிகிறது. அதற்குள் வில்சனின் துப்பாக்கி அவர் நெஞ்சைப் பார்த்து நிற்கிறது. ஆனால் உடனே சுடவில்லை. அந்த இடைவெளியில்தான் குக்கைப் பார்க்க வேண்டும். பேச்சு இல்லை, கெஞ்சல் இல்லை. கையில் பாதி தூக்கிய துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாத முகம். வீராப்பு பேசி மாட்டிக்கொண்டு, "நான் விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட மாட்டோமா என்று தவிக்கும் முகம். அப்புறம் வெடிச் சத்தம். ஒரு குதிரை உதைத்துத் தள்ளியதுபோல் பின்னால் தூக்கி எறியப்பட்டுச் சேற்றில் விழுகிறார். உடம்பில் கம்பி கட்டி, சுடும் நொடியில் வெடுக்கென்று பின்னால் இழுத்திருக்கிறார்கள். அதற்கு முன்பெல்லாம் சுடப்பட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மடங்கிச் சரிவதுதான் சினிமா வழக்கம். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரில் படப்பிடிப்புக் குழுவோடு ஐரோப்பாவுக்குப் போய், டாஹௌ வதைமுகாம் வரை நேரில் பார்த்தவர். துப்பாக்கிக் குண்டு விளையாட்டுச் சாமான் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

கம்பி இழுத்தது உடம்பை. அதற்கு முந்தைய முகம் குக்கின் சொந்தச் சரக்கு.

கேள்வி: எல்லாப் படத்திலும் செத்துக்கொண்டேதான் இருந்தாரா, பாவம்?

பதில்: ஏறக்குறைய. 'ஃபேண்டம் லேடி'யில் (1944) கழுத்து நெரிக்கப்பட்டு. 'தி பிக் ஸ்லீப்'பில் (1946) விஷம் குடித்து. 'பார்ன் டு கில்' படத்தில் (1947) சொந்த நண்பன் கையாலேயே. 'ஷேன்' கதை மேலே. 'தி கில்லிங்'கில் (1956) துப்பாக்கிக் குண்டுகள். 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்ட் ஃப்ளோர்' (1940) படத்தில் செய்யாத கொலைக்கு மரண தண்டனை வாங்கிவிட்டு, நல்ல வேளையாகத் தப்பித்தார். 'ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்' (1959) பேய்ப் படத்தில் கடைசி வரை உயிரோடு இருக்கிறார். எதற்கு? "அடுத்தது உங்களிடம்தான் வருவார்கள்" என்று நம்மைப் பார்த்துப் பயமுறுத்துவதற்கு.

கேள்வி: ஆள் உயரமில்லை, அழகில்லை, குரலும் பிரமாதமில்லை. என்ன கண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்?

பதில்: பயத்தைக் கண்டு. வில்லன் கொடியவன் என்று வசனத்தில் சொல்லலாம், கறுப்புத் தொப்பி போட்டும் காட்டலாம். நாம் நம்புவதற்கு யாராவது ஒருவர் அவனைப் பார்த்து உண்மையாகவே நடுங்க வேண்டும். அந்த ஒருவராக இருக்க ஹாலிவுட்டில் குக்கைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. பேலன்ஸின் பயங்கரத்தில் பாதி குக்கின் கண்ணில் இருக்கிறது என்பேன். அதோடு, இவருடைய பயந்தாங்கொள்ளிகள் வெறும் பயந்தாங்கொள்ளிகள் இல்லை. பயத்தை மறைக்க ஒரு முறுக்கு காட்டுவார்கள், காட்டிய முறுக்கே அவர்களைக் குழியில் தள்ளும்.

கேள்வி: 'தி மால்டீஸ் ஃபால்க'னில் எல்லோரும் அவரைப் பொடியன் என்கிறார்கள். பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?

பதில்: படம் வந்த 1941-ல் குக்குக்கு வயது 37. கழுதை வயது. ஆனால் படத்தைப் பாருங்கள், அது உறுத்தாது. இன்னும் சொன்னால் அதனால்தான் வலிக்கிறது. வில்மர் என்ற அடியாள் அவர். பெரிய ஓவர்கோட், இரண்டு பாக்கெட்டிலும் இரண்டு துப்பாக்கி. துப்பறிவாளராக வரும் ஹம்ஃப்ரி போகார்ட் ஓட்டல் நடையில் பின்னாலிருந்து அந்தக் கோட்டை முழங்கை வரை இழுத்துவிட்டுக் கையைக் கட்டிப்போட்டு, இரண்டு துப்பாக்கியையும் பிடுங்கிக்கொள்வார். சிரிப்பு வரும். பிறகு அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட வைப்பார்கள்.

கொலைப்பழியை யார் தலையில் கட்டுவது என்று பேரம் நடக்கிறது. சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் நடித்த பருத்த முதலாளி, "இவன் எனக்கு மகன் மாதிரி" என்று உருகுகிறார். உருகிவிட்டு அந்த மகனையே பலி கொடுக்கச் சம்மதிக்கிறார். மகன் போனால் இன்னொரு மகன் கிடைப்பான், எல்லோரும் துரத்தும் பருந்துச் சிலை ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. அடிபட்டு சோபாவில் மயங்கிக் கிடக்கும் வில்மர் கண் விழிக்கிறான். நாலு முகங்கள் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு குளோஸ்-அப்பாக வருகிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்துவிடுகிறது. ஜான் ஹூஸ்டனுக்கு அது இயக்குநராக முதல் படம் என்றால் நம்புவது கஷ்டம்.

கேள்வி: நம் சினிமாவில் இவரைப் போல யாரைச் சொல்வீர்கள்?

பதில்: சொன்னால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாமல் விட்டால் மற்றவர்களுடைய ரசிகர்கள். அடுத்த கேள்வி.

கேள்வி: மலையில் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார் என்கிறார்களே, கட்டுக்கதையா?

பதில்: ஹூஸ்டனே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் குக் தனியாக இருப்பாராம். செயற்கை ஈ கட்டிய தூண்டில் போட்டு, தங்க டிரவுட் மீன் பிடிப்பாராம். வேடம் இருந்தால் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். இறங்கி வருவார், நடிப்பார், திரும்ப ஏறிவிடுவார். அந்தத் தங்க டிரவுட் சியராவின் தெற்குப் பகுதி ஓடைகளுக்கே உரியது, 1947-லிருந்து கலிபோர்னியாவின் மாநில மீன். பிற்காலத்தில் அவர் வாழ்ந்ததும் அந்த மலையடிவாரத்து பிஷப் நகரப் பக்கம்தான். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல்.

நட்சத்திரங்கள் பெவர்லி ஹில்ஸில் நீச்சல் குளத்தோடு வீடு கட்டிய காலம் அது. குணச்சித்திர நடிகருக்கு இருந்த ஒரு சௌகரியம் இது. கிசுகிசு எழுதுபவர்கள் மலையேறி வரமாட்டார்கள். ஒரே ஸ்டூடியோவின் முகமாகவும் அவர் ஆகிவிடவில்லை. 1941-ல் மட்டும் வார்னருக்கு வில்மராகவும், ஃபாக்ஸ் படமான 'ஐ வேக் அப் ஸ்க்ரீமிங்'கில் கொலைகாரராகவும் வந்தார். (அந்தப் படத்தை இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். எண்பது வருடத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தாயிற்று.)

கேள்வி: ஆஸ்கர்?

பதில்: பரிந்துரைகூட இல்லை. துணை நடிகருக்கான ஆஸ்கர் 1936-ம் வருடப் படங்களிலிருந்து தொடங்கியது, அதாவது குக் ஹாலிவுட்டுக்கு வந்த அதே வருடம். முதல் ஐந்து வருடத்தில் மூன்றை வால்டர் பிரென்னன் ஒருவரே வாங்கிப் போனார். 'மால்டீஸ் ஃபால்க'னுக்காகத் துணை நடிகர் பரிந்துரை போனது கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு. 'ஷேன்' படத்தில் இரண்டு பேருக்கு: ஒன்று சின்னப் பையன் பிராண்டன் டி வில்டுக்கு, இன்னொன்று பேலன்ஸுக்கு. பலி கொடுத்தவருக்கும் பரிந்துரை, சுட்டவருக்கும் பரிந்துரை. பலியானவருக்குத்தான் ஒன்றுமில்லை. எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் உண்டு.

கேள்வி: என் மகள் நடிப்புப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். குக்கின் ஒரே ஒரு காட்சியைக் காட்டுவதென்றால் எது?

பதில்: 'தி பிக் ஸ்லீப்'. ஹாரி ஜோன்ஸ் என்ற சில்லறைப் பேர்வழியாக வருகிறார். தன் காதலிக்குத் தெரிந்த ஒரு தகவலை 200 டாலருக்குத் துப்பறிவாளர் போகார்ட்டிடம் விற்க வருகிறார். அவள் உனக்கு ஒத்துவரமாட்டாள் என்று போகார்ட் நக்கலடிக்கும்போது ஜோன்ஸ் முகம் சுருங்குவதை மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். விதை அங்கே விழுகிறது. பிறகு ஓர் இருட்டு அலுவலகம். கனினோ என்ற கொலையாளி சிரித்தபடி அவள் முகவரியைக் கேட்கிறான். பக்கத்து அறையில் போகார்ட், துப்பாக்கி இல்லாமல், கேட்டுக்கொண்டு நிற்கிறார். ஜோன்ஸ் நடுங்கிக்கொண்டே முகவரி சொல்கிறார். கனினோ ஊற்றிக் கொடுத்ததைக் குடிக்கிறார். அது விஷம். அவர் சொன்ன முகவரி பொய் என்பது நமக்குப் பிறகுதான் தெரியும். குரலில் இருந்த நடுக்கம் நிஜம், அதற்குள்ளே பொய்யை ஒளித்து வைத்திருக்கிறார். இரண்டாம் தடவை பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று புரியும்.

அதை முடித்ததும் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்'. குதிரைப் பந்தய மைதானக் காசாளர் ஜார்ஜ், அந்த மைதானத்தையே கொள்ளையடிக்கப் போகும் கும்பலில் ஒருவர். மனைவி, மேரி வின்ட்சர் நடித்தவர், இவரைவிட உயரம், இவரை மதிப்பதே இல்லை. பெரிய பணம் வரப்போகிறது என்று அவளிடம் உளறுகிறார், ஒரு நல்ல வார்த்தைக்காக. அவள் அதைக் கள்ளக் காதலனிடம் சொல்லிவிட, கும்பலில் பெரும்பாலோர் சாகிறார்கள். பயந்த மனிதர் கடைசியில் துப்பாக்கியோடு வீட்டுக்கு நடந்து வருவதை நான் இங்கே விவரிக்கமாட்டேன்.

கேள்வி: வயதான காலத்தில் என்ன செய்தார்?

பதில்: 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் (1967) கம்ப்யூட்டரை நம்பாமல் புத்தகம் சுமந்து வரும் வக்கீல். 'ரோஸ்மேரிஸ் பேபி'யில் (1968) அந்த விபரீத வீட்டைச் சுற்றிக் காட்டும் ஆள். எண்பதுகளில் ஹவாயில் எடுத்த 'மேக்னம், பி.ஐ.' தொடரில் ஐஸ் பிக் என்ற பட்டப்பெயரோடு திரும்பத் திரும்ப வந்தார். 1995 மே 18 அன்று, பிஷப்புக்குத் தெற்கே பிக் பைன் என்ற சிற்றூரில் காலமானார். 'மால்டீஸ் ஃபால்க'ன் கூட்டாளிகளான போகார்ட், கிரீன்ஸ்ட்ரீட், பீட்டர் லோரி, மேரி ஆஸ்டர், ஹூஸ்டன் எல்லோரும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஐஸ் பிக் யார் தெரியுமோ? ஹவாய் நிழலுலகின் பெரிய புள்ளி. வாழ்நாள் பூராவும் அடியாளாக நடித்து உதை வாங்கியவரைக் கடைசியில் முதலாளி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.